சபைச் சாட்சியும் கூண்டுச் சாட்சியும்

கர்த்தருக்குள் அன்பான அக்காள் மகனுக்கு, உன் ஒரே தாய்மாமனும் இந்தச் சலவை ஆலையின் முதுகெலும்புமாகிய நான் ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அத்தையும் சுகம். அவளுடைய முழங்காலை மட்டும் இந்தச் சுகத்தில் சேர்க்க வேண்டாம். அங்கு நீயும் உன் மனைவியும் குழந்தையும் சுகமாயிருக்க அன்றாடம் ஜெபிக்கிறேன், அதுவும் சத்தமாக.

நிற்க. நீ போனில் சொன்ன புத்திமதி கிடைத்தது. "நமக்கெதுக்கு மாமா வம்பு, கண்ணு சரியாத் தெரியலைன்னு சொல்லிட்டு வந்துடுங்க" என்றாய். அப்போதே பதில் சொல்லியிருப்பேன், நீ குறுக்கே பேசுவாய். காகிதம் குறுக்கே பேசாது. ஆகையால் கேட்டுக்கொள். உன் மாமன் எந்தக் கொம்பனுக்கும் பயந்தவனல்ல.

உன் அம்மா உனக்குக் கதையைப் பாதிதான் சொல்லியிருப்பாள், மீதியை என்னிடம் கேள். விடுதிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, ஈரத்தோடு ஒரு பெரிய சூட்டு உருளைக்குள் விடுவது எங்கள் வேலை. இந்தப் பக்கம் நனைந்த கோழியாகப் போவது அந்தப் பக்கம் கல்யாண மாப்பிள்ளையாக வரும். ஈர விரிப்பை வண்டியில் தள்ளிக்கொண்டு வருபவன் நான். வண்டி தள்ளுகிறவன்தானே என்று நினைக்காதே, நான் தள்ளாவிட்டால் இந்த ஊரே ஈரத்தில் படுக்கும். உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு, கை பட்டால் இயந்திரம் நின்றுவிடும். நல்ல கம்பிதான், ஆனால் விரிப்பு கொஞ்சம் சுருண்டு இடித்தாலும் நிற்கும், நின்றால் வேலை தாமதம், தாமதமானால் மேற்பார்வையாளருக்குக் கோபம். அவருடைய சட்டை மடிப்பு ஒருநாளும் கலையாததால் நாங்கள் அவரைக் கஞ்சி என்போம், அவர் காதில் விழாமல். அந்தக் கஞ்சி ஒரு கிழிந்த தலையணை உறையை எடுத்து, நாடாவாக முறுக்கி, தடுப்புக் கம்பியை அசையாதபடி கட்டிவைத்தார். அப்போது நான் வண்டியோடு பக்கத்தில் நின்றேன். மறுநாளே, கை வேகத்துக்காகச் சிட்டு என்று பேர் வாங்கினாளே, உருளைக்குள் விரிப்பை விடுபவள், எங்கள் சபையில் பாட்டு ஆரம்பிப்பவள், அவளுடைய வலது கை விரல்களை உருளை வாங்கிக்கொண்டது. இப்போது ஆலை சொல்கிறது, கம்பியைக் கட்டியதே அவள்தானாம். வழக்கு நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. கட்டியவரைப் பார்த்த கண் இரண்டே இரண்டு, இரண்டும் என் முகத்தில் இருக்கின்றன.

இது தெரிந்ததும் கஞ்சி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு நாற்காலி போட்டார். அந்த அறையில் எனக்கு நாற்காலி கிடைத்தது அதுதான் முதல் தடவை, விளிம்பில் மட்டும் உட்கார்ந்தேன், சாய்ந்தால் சட்டை கசங்கும். "பெரியவரே, வயசான காலத்துல வேலையும் வேணும், நிம்மதியும் வேணும். உங்க கண்ணாடியில கீறல் விழுந்திருக்கு. அதுக்குள்ள என்னத்தைப் பார்த்திருக்கப் போறீங்க?" என்று சிரித்தார். நான் மேசையை ஓங்கித் தட்டினேன் பார், மூன்று மாடியும் அதிர்ந்தது. ஆலைக்கு மாடி ஒன்றுதான், மூன்று இருந்திருந்தால் மூன்றும் அதிர்ந்திருக்கும். திருப்பிப் பேசத்தான் நேரமில்லை, வண்டி காத்திருந்தது.

அந்த வாரம் நம் வீட்டு வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றபோது நான் கட்டிலுக்கு அடியில் ஜெபத்தில் இருந்தேன். வந்தவர் அடுப்பு பழுது பார்ப்பவர். அத்தை குனிந்து பார்த்து, ஜெபத்துக்கு எதற்குச் செருப்பையும் கையில் எடுத்துக்கொண்டு போனீர்கள் என்று கேட்டாள். பெண்களுக்கு ஆவிக்குரிய காரியம் புரியாது என்று விட்டுவிட்டேன். ஆனால் அவள் விடவில்லை. சபையில் நான் வாரம் தவறாமல் எழுந்து சாட்சி சொல்கிறவன், கர்த்தர் என்னைப் பாம்பின் வாயிலிருந்து தப்புவித்த சாட்சிக்குக் கல்லும் அழும், உனக்கே தெரியும். அதைச் சொல்லித்தான் குத்தினாள்.

"உங்க பாம்பு சபையில வாராவாரம் ஒரு முழம் வளருது. பாவம், எல்லாரும் ஆமென் சொல்லிட்டுப் போறாங்க. கோர்ட்டுல அளவுநாடா வெச்சிருப்பாங்க, பார்த்துக்குங்க."

கஞ்சியின் சிரிப்புக்குக் கலங்காத நான், உண்மையைச் சொன்னால், இதற்குக் கொஞ்சம் கலங்கினேன். வேலை போனால் போகிறது. ஆலையின் வக்கீல் என் பாம்பின் வாலைப் பிடித்துக்கொண்டால் சிட்டின் விரலுக்கு எவன் பதில் சொல்வது? இரவெல்லாம் புரண்டேன். விடிந்ததும் போதகரிடம் போய், ஐயா, இந்த வழக்குக்கு ஒரு நல்ல நீளமான வாய்தா கிடைக்கும்படி ஜெபியுங்கள் என்று கேட்டேன். அவர் என் தலையில் கை வைத்தார். வைத்தவர் வாய்தாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆண்டவரே, இவர் கண்டதைக் கண்டபடி சொல்லத் தைரியம் கொடும், அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லாதிருக்க அதைவிட அதிகத் தைரியம் கொடும் என்று முடித்துவிட்டார். ஆமென் சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

ஆராதனையில் சிட்டு கட்டுப்போட்ட கையோடு வந்திருந்தாள். பாட்டை அவள்தான் ஆரம்பித்தாள். கைதட்ட முடியவில்லை, இடது உள்ளங்கையால் முன் பெஞ்சின் முதுகைத் தட்டிக்கொண்டு பாடினாள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேயிருந்தேன், அந்த வாரம் ஊரில் தூசி அதிகம். முடிந்ததும் நழுவப் பார்த்தேன், வாசலில் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, நீங்க வரலைன்னாலும் நான் கோவிச்சுக்க மாட்டேன். எனக்கு ஆண்டவர் இருக்காரு. ஆனா பார்க்கலைன்னு மட்டும் எங்கயும் சொல்லிடாதீங்க. அப்புறம் அது நடக்காததாயிடும்."

அவ்வளவுதான் சொன்னாள். மருமகனே, நீ சொன்ன புத்திமதியை நான் அந்த வாசற்படியிலேயே உதறிவிட்டு வந்தேன்.

ஆகவே இன்று நீதிமன்றத்துக்குப் போனேன். போனேன் என்றால் சாதாரணமாகவா போனேன்? நான் நுழைந்ததும் சலசலப்பு அடங்கியது. மின்விசிறிகூட மெதுவாகச் சுற்றியது. கூண்டில் ஏறியதும் பழக்கதோஷத்தில் "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்தேன், பின் வரிசையில் யாரோ ஆமென் என்றார்கள். ஆலையின் வக்கீல், கறுப்பு அங்கியும் கழுகு மூக்குமாக வந்து, உங்களுக்குப் பார்வை எப்படி என்று கேட்டார். உங்கள் அங்கியில் மூன்றாவது பொத்தான் வேறு நிறத்து நூலில் தைத்திருக்கிறது என்றேன். மனிதர் தண்ணீர் கேட்டார். எவனுக்கும் பயப்படாதே என்று எனக்கு மேலிடத்து உத்தரவு, உங்கள் மேலிடத்தைவிட அது மேலானது என்றேன். இன்னொரு தம்ளர் கேட்டார். பிறகு கஞ்சியைக் கைகாட்டி, நீதிபதியின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்: "கிழிஞ்ச தலையணை உறையை முறுக்கிக் கம்பியைக் கட்டினது இவர்தான். பக்கத்துல நின்னு பார்த்தேன்." நீதிபதி எழுந்தே நின்றுவிட்டார். நீங்கள் எந்தக் கல்லூரியில் படித்தீர்கள் என்று விசாரித்தார். கஞ்சியின் சட்டை, வாழ்நாளில் முதன்முறையாக, கசங்கிப்போயிற்று.

இதுதான் நடந்தது. இனிமேல் எனக்கு வம்பு எதற்கு என்று எவனும் கேட்க வேண்டாம். உன் மனைவிக்கு என் ஆசீர்வாதம். குழந்தைக்கு இரண்டு முத்தம், ஒன்று அத்தையுடையது. சமாதானத்தின் தேவன் உங்கள் வாசற்படியைக் காப்பாராக.

இப்படிக்கு,
சிங்கக் குகைக்குள் போய்ச் சிங்கத்தைப் பயமுறுத்திய உன் மாமன்

பின்குறிப்பு: நீதிமன்றத்துக்குள் நடந்ததாக எழுதியது எதுவும் இன்னும் நடக்கவில்லை. வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், கூப்பிடவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் கால் வாசலைப் பார்க்கிறது, அதனால் கைக்கு எழுதும் வேலை கொடுத்தேன். எதிர் பெஞ்சில் கஞ்சி உட்கார்ந்து என்னையே பார்க்கிறார், சட்டையில் ஒரு சுருக்கமில்லை. துணைக்கு வந்த அத்தை இதை வாங்கிப் படித்துவிட்டு, நடக்காததை நடந்ததாக எழுதுவதற்குப் பேர் பொய் என்கிறாள். இல்லையடி, நடந்ததை நடக்கவில்லை என்பதுதான் பொய், இன்னும் வராததை வந்ததாக எண்ணி எழுந்து நிற்பதற்கு விசுவாசம் என்று பேர் என்றேன். அவள் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள், இதை நான் கூட்டிச் சொல்லவில்லை. இதோ, என் பேரைக் கூப்பிடுகிறார்கள். உள்ளே எனக்கு ஒரு வாக்கியம்தான் வேலை. முட்டி இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன, பேசட்டும். நடுங்குகிற காலால் நடக்கக் கூடாதென்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

மருமகனே, இது அத்தை எழுதுவது. நடுங்கிக்கொண்டேதான் போனார். ஆனால் உள்ளே போய்விட்டார்.