குறையே இல்லாத நோயாளி

நோயாளிகளில் ஒரு வகையினர் தும்மினாலே உயில் எழுத உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களை ஊருக்கே தெரியும், விட்டுவிடுங்கள். இங்கே பேச்சு இன்னொரு வகையைப் பற்றியது. வீட்டுக்குள் நாள் முழுக்க முனகிவிட்டு, வெளியாள் ஒருவர் கதவைத் தட்டியதும் தலையை வாரி, மார்பை நிமிர்த்தி, "எனக்கென்ன குறைச்சல்!" என்று கேட்கிற ஆசாமி. பார்த்திருப்பீர்களே?

இந்த இனம் எங்கும் உண்டு என்றாலும் இங்கிலாந்தின் கடலோரத்தில் கொஞ்சம் கொழுகொழுவென்று வளர்கிறது. பிரிட்லிங்டன் ஊர் வில்ஃப்ரெட் ஏக்ராய்ட் அதில் முதல் தரம். பக்கவாதம் வந்ததிலிருந்து எதை விழுங்கினாலும் அவருக்குப் புரையேறும். தண்ணீரைக்கூட மாவு கலந்து கூழாக்கித்தான் குடிக்க வேண்டும். மூச்சு அடைத்துக்கொண்டால் மனைவி மேவிஸ்தான் தூக்கி உட்காரவைக்க வேண்டும். மேவிஸுக்கு எண்பது தாண்டிவிட்டது. எடை அவரில் பாதி.

முதியோர் இல்லம் என்பது முடிவாகிவிட்டது. எந்த இல்லம் என்பதில்தான் சண்டை. குன்றின் மேல் இருப்பதில் குளிப்பாட்டுவார்கள், உடுத்திவிடுவார்கள், வேளைக்குச் சாப்பாடு போடுவார்கள், ஆனால் நர்ஸ் கிடையாது. பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருப்பதில் இரவும் பகலும் நர்ஸ் உண்டு, ஜன்னலைத் திறந்தால் டீசல் நாற்றம். வில்ஃப்ரெட்டோடு டோமினோ என்கிற புள்ளிக்கட்டை ஆட்டம் ஆடும் கூட்டாளிகள் எல்லாம் குன்றின் மேல் இருக்கிறார்கள்.

"நர்ஸ் வச்ச எடமெல்லாம் சீக்காளிக்கு. எனக்கு எதுக்கு?" இதுதான் அவர் கட்சி.

எது பொருந்தும் என்று பார்த்துச் சொல்ல கோலெட் என்ற நர்ஸ் வருகிற நாளும் வந்தது. ஐயா என்ன செய்தார் தெரியுமா? சவ அடக்கங்களுக்கு மட்டும் கட்டுகிற டையைக் கட்டிக்கொண்டு, கைத்தடியை சோபாவுக்குப் பின்னால் ஒளித்து, கன்னத்தைக் கிள்ளிச் சிவக்கவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மேவிஸ் மட்டும் லேசுப்பட்டவளா? வருகிறவள் என்ன நினைப்பாள் என்று மாத்திரைகள், மாவு டப்பா, சிறுநீர்ப் பாத்திரம் எல்லாவற்றையும் அலமாரிக்குள் தள்ளிப் பூட்டினாள். நோயைப் பார்க்க வருகிறவளிடமிருந்து நோயையே ஒளித்துவைக்கிற குடும்பம்!

"எப்படி இருக்கீங்க, மிஸ்டர் ஏக்ராய்ட்?"

"எனக்கென்ன குறைச்சல், கண்ணு! நேத்துகூட கடற்கரை வரைக்கும் நடந்தேன்."

"ஆமா, எந்த வருஷத்து நேத்து?" என்றாள் மேவிஸ், டீ ஊற்றியபடி.

"சாப்பாடு சுலபமா எறங்குதா?"

"இதோ பாரு!" என்று இஞ்சி பிஸ்கட் ஒன்றை மனைவியின் டீயில் முக்கி, அப்படியே வாயில் போட்டுக்கொண்டார்.

வெற்றிப் புன்னகை ஒன்று மலர்ந்தது. அது மறைவதற்குள் முகம் சிவந்து, பிறகு நீலம் பாய்ந்தது. கோலெட் பாய்ந்து அவரை முன்னால் குனியவைத்து முதுகில் ஓங்கி அறைய, பிஸ்கட் கம்பளத்தில் வந்து விழுந்தது. டை கோணிக்கொள்ள, கண்ணில் நீர் வழிய, ஐயா வாய் திறந்தார்.

"சும்மா... தொண்டையில ஒரு கிச்சுகிச்சு."

வந்தவர் முன்னால் புருஷனை விட்டுக்கொடுப்பதா? அந்த ஊரில் அது லேசான காரியம் இல்லை. ஆனாலும் மேவிஸ் டீ பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"கிச்சுகிச்சாம்! அன்னிக்கு நீ நீலமா கெடந்தப்ப, தூக்க முடியாம பக்கத்துல உக்காந்து அழுதேனே, அதுவும் கிச்சுகிச்சுதானா? குன்று மேல உன் டோமினோ கெழவனுங்களா வந்து முதுகுல தட்டுவாங்க? டீசல் நாத்தத்தையே மோந்துக்கிட்டு உசுரோட இரு, வில்ஃப். நான் தெனமும் பஸ்ஸுல வரேன். டிப்போ பின்னாடிதானே!"

வில்ஃப்ரெட் கோணிய டையைக் கழற்றி மடியில் வைத்தார்.

"டோமினோ பெட்டிய எடுத்துட்டு வருவியா?"

"வருவேன். எப்படி ஆடறதுன்னு நீதான் சொல்லித் தரணும்."

நர்ஸ் இருக்கிற இல்லம் என்று அங்கேயே முடிவாயிற்று. வாசலில் கோலெட் திரும்பி நின்றாள். "நீங்க எப்படி இருக்கீங்க, மிஸஸ் ஏக்ராய்ட்? இத்தன நாளா தூக்கித் தூக்கி, முதுகு வலிக்குமே?"

இடுப்பை அழுத்திப் பிடித்திருந்த கையைச் சட்டென்று எடுத்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள் மேவிஸ். "எனக்கா? நான் கல்லு மாதிரி இருக்கேன்மா!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன தடவை டாக்டர், "வேற ஏதாவது தொந்தரவு உண்டா?" என்று கேட்டாரே, உங்கள் வலிகளை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போன நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்?