பிஸ்தாவைத் தின்ற ஜின்

ஜின் ஓட்டும் சாட்டைக்காரர் தொக்தோசுன் வருகிறார் என்றதும் எங்கள் மலையடிவாரமே பிஸ்தாத் தோப்பில் கூடிவிட்டது. ஓஷ் சந்தைக்குக் கிளம்பியவர்கள்கூடப் பாதி வழியில் திரும்பிவிட்டார்கள். இரண்டு வருடமாகப் பிஸ்தாவை உடைத்தால் உள்ளே பருப்பில்லை, வெறும் காற்று. ஜின் உள்ளேயே உட்கார்ந்து தின்கிறதாம்! ஓட்டை போடாமல் ஓட்டுக்குள் எப்படிப் போனது என்று யாரும் கேட்கவில்லை. கேள்வி கேட்பது எங்கள் ஊரில் மரியாதைக்குறைவு.

கூலியாக வீட்டுக்கு ஓர் ஆடு வாங்கிக்கொண்ட தொக்தோசுன், மரங்களை நாலு வீசு வீசினார். பிறகு சாட்டையைப் பூருல்ச்சா பக்கம் நீட்டினார். கல்யாணமாகி ஆறு வருடம், பிள்ளை இல்லாதவள்.

"மலடி கால் பட்ட தோப்பு. இன்னிக்கே தாய்வீட்டுக்கு அனுப்புங்க. ஜின்னும் கூடவே போயிடும்."

மாமியார் உடனே மூட்டை கட்டிவிட்டாள். கணவன் எசென்பாய் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பெரிய ஆம்பிளை!

"போறேன் அத்தே," என்றாள் பூருல்ச்சா. "அதுக்கு முன்னாடி ரெண்டு வாளி தண்ணி கொண்டாங்க."

பருப்புள்ள பிஸ்தா மூழ்கும், பொக்கு மிதக்கும். இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். சாட்டையடி வாங்கிய மரத்துக் காய்களை உரித்து முதல் வாளியில் போட்டாள். அத்தனையும் மிதந்தன. வேலியோர மரத்துக் காய்களை அடுத்ததில் போட்டாள். அடியில் போய் உட்கார்ந்தன.

"இந்த மரத்தடியிலயும் என் கால்தான் தெனம் பட்டுச்சு. ஜின்னுக்கு இது மட்டும் கசந்துச்சா?"

"என்னடி பண்ணித் தொலைச்சே?" என்றாள் மாமியார்.

"எங்கம்மா ஊர்லேருந்து ஆண்மரக் கிளையைப் பூவோட கொண்டாந்து இது மேல உதறினேன். ஆப்பிளுக்கு ஒரே பூவுல ஆணும் பெண்ணும் இருக்கு. பிஸ்தாவுக்கு ஆண் தனி மரம், பெண் தனி மரம். ரெண்டு வருசம் முன்னாடி காய்க்காத தடிமரம்னு உங்க மகனும் ஊராரும் வெட்டி அடுப்புல வெச்சாங்களே, அதான் மாப்பிள்ளை!"

தொக்தோசுன் சத்தமில்லாமல் ஆடுகளை ஓட்டப் பார்த்தார். "ஆட்டை விட்டுட்டுப் போய்யா!" என்று இப்போதுதான் ஊருக்கு வாய் திறந்தது. மாமியார் அவசரமாக மூட்டையை அவிழ்த்தாள்.

"அவுக்கிறது இருக்கட்டும் அத்தே. முதல்ல உங்க மகனை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. ஆறு வருசமா என்னை மட்டும்தானே காட்டுனீங்க?"

எசென்பாய் இன்னும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆண்மரத்தை எரித்துக் குளிர்காய்ந்துவிட்டுப் பெண்ணை மலடி என்றவர்கள் நாங்கள். பூருல்ச்சாவின் வாளியில் அன்றைக்கு எங்கள் தலைகளைப் போட்டிருந்தால் எத்தனை மூழ்கியிருக்கும்? உங்கள் தலையையும் சேர்த்துத்தான் கேட்கிறேன், யோசியுங்கள்.