எலிக்கு ஆறிய புண்

சௌபாக்கியவதி மகள் ரோஹிணிக்கு, நகரியிலிருந்து நைனா ஏகாம்பரம் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். என் இடது காலைப் பற்றி மட்டும் இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. போனில் நான் பேசும்போது நீ நடுவில் வெட்டிவிடுகிறாய். கடிதத்தை வெட்ட முடியாது.

தறிக்கு எண்ணெய் விடும்போது இரும்பு முனை கிழித்தது என் தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மருந்து என் சொந்த முடிவு. பக்கத்துத் தெருவில் காளான் வளர்க்கும் ஹரிபாபு, ரெய்ஷி என்ற மருந்துக் காளான் புண்ணை ஆற்றுவதாக ஆராய்ச்சி நடக்கிறது என்று போனில் படித்துக் காட்டினான். "யார் மேல பார்த்தாங்க?" என்றேன். "எலி மேல சார்." "ஆறிச்சா?" "சுத்தமா ஆறிப்போச்சாம் சார்." அப்புறம் என்ன யோசனை? பொடியாக்கி, தேங்காயெண்ணெயில் குழைத்துக் கட்டினேன். மீதிப் பொடியை உன் அம்மா மிளகுப்பொடி என்று ரசத்தில் போட்டுவிட்டாள். சாப்பிட்டவர்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, இதைக் குறித்துக்கொள். மறுநாள் கட்டுக்குள் எறும்பு. அதற்கு மறுநாள், நம் தறி ஓட்டுகிற ஏழுமலை வந்து, "மாமா, உன் கால் நாத்தத்துக்கு எல்லாரும் மூக்கைப் பொத்திக்கினு நெய்யறாங்க" என்றான். மருந்து வேலை செய்தால் வாசனை வரத்தான் செய்யும்டா, மூக்கைப் பொத்தினா நெய்ய முடியாதா, ஒரு கையால நெய்யுன்னு அனுப்பிட்டேன்.

நர்ஸம்மா நீ என்ன சொன்னாய்? "நைனா, நீ என்ன எலியா? உனக்கு சுகர் இருக்குது, ஆஸ்பத்திரிக்கு வா." அந்த எலிக்கு சுகர் இல்லைன்னு உனக்கு யார் சொன்னது? நீ போய் டெஸ்ட் பண்ணியா? நாப்பது வருஷம் தறி ஓட்டினவன், பயந்துக்கினு திருப்பதிக்கு ஓடி வருவேன்னு நெனைக்காதே. வர மாட்டேன். ஆம்புலன்ஸ் அனுப்பினால் காலியாகத்தான் திரும்பும்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. நீ நூறு வயது நோயில்லாமல் வாழ்ந்து, பெற்றவனை எதிர்த்துப் பேசாதிருக்க ஆசிகள்.

இப்படிக்கு,
ஏகாம்பரம்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடவில்லை, ஆயாம்மா கையில் உள்ளே கொடுத்தனுப்புகிறேன். காலையில் செருப்புக்குள் கால் நுழையவில்லை, சுண்டுவிரலைக் கிள்ளினாலும் தெரியவில்லை. அம்மாவிடம் சொல்லாமல் முதல் பஸ் பிடித்து வந்துவிட்டேன். உன் வார்டு வாசல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறேன். திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளம்மா, முதலில் கட்டைப் பிரித்துப் பார். பயமாக இருக்கிறது.