காதுக்காரரும் ஓர் ஊசியும்

எல்லாருக்கும் இரண்டு காது இருக்கிறது. அதற்காக எல்லாரும் காதுக்காரர் ஆகிவிட முடியுமா? முதலில் காதுக்குள் ஓயாமல் ஓர் இரைச்சல் கேட்க வேண்டும். அது வெறும் நுழைவுச்சீட்டு. அந்த இரைச்சலை, தெருவில் வாய்தவறி "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுத் தொலைத்தவர், பேருந்தில் ஜன்னலோரம் மாட்டிக்கொண்டவர், கையில் கத்தரியோடு ஓட வழியில்லாமல் நிற்கும் முடிதிருத்துபவர் என்று ஒருவர் விடாமல் எல்லாரிடமும் விவரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து மனைவியிடம் மறுபடி ஒருமுறை விவரிக்க வேண்டும். அவர்தான் காதுக்காரர்.

நம்முடையவர் பேருந்து நிறுவனத்தில் கால அட்டவணை போடுகிறவர். இரைச்சல் இடது காதில். ஆனால் அவர் சொல்கிற விதத்தைக் கேட்டால் உள்ளே ஒரு கச்சேரி நடப்பதாகவும், முன்வரிசையில் இவர் ஒருவருக்கே இடம் கிடைத்ததாகவும் தோன்றும்.

"நேத்து வரைக்கும் பழைய ஃப்ரிட்ஜ் மாதிரி உறுமிச்சு. இன்னைக்கு மெலிசா, விசில் வரப்போற குக்கர் மாதிரி இருக்கு."

"அத்தான், வேற ஸ்டேஷன் மாத்திப் பாருங்களேன்" என்பான் மைத்துனன்.

நம்பாதவர்களை அவர் விடமாட்டார். தன் காதோடு அவர்கள் காதை ஒட்டவைத்து, "கேக்குதா?" என்பார். இல்லையென்றால், "பாவம், உங்களுக்குக் கொஞ்சம் மந்தம்" என்று இரக்கப்படுவார்.

வீடு முழுக்க அந்தக் காதின் ஆட்சிதான். அமைதியில் இரைச்சல் கூடுகிறதாம். ஆகவே கைகால் விறைக்கிற குளிரிலும் மின்விசிறி சுழலும், மனைவி இரண்டு போர்வைக்குள் சுருண்டு கிடப்பாள். "குழாய் ஒழுகுது, ஆளக் கூப்பிடுங்க" என்பது அந்தக் காதில் ஏறாது. பேருந்து நேரத்துக்கு வருவதில்லை என்று அலுவலகத்துக்கு வந்து கத்துகிறவர்களின் குரலும் ஏறாது. "டீ போடட்டுமா?" மட்டும் இரண்டு அறை தாண்டி வந்து கேட்கும். விசித்திரமான வியாதி!

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் காது டாக்டர் ஒரு குண்டைப் போட்டார்.

"காதுக்குப் பக்கத்துல நரம்ப மரத்துப்போக வைக்கிற ஊசி ஒண்ணு போட்டுப் பாக்கலாம். இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. சிலருக்குக் குறையுது, சிலருக்கு ஒண்ணுமே ஆகறதில்ல. குறைஞ்சாலும் எவ்வளவு நாளைக்குன்னு சொல்ல முடியாது."

"போயிடுமா டாக்டர்?"

"போனாலும் போகலாம்."

வேறு யாராவது என்றால் டாக்டரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பார்கள். நம்மவர் முகமோ, சாலையை அகலப்படுத்த வீட்டை இடிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டவர் முகம் போல ஆயிற்று. யோசித்துப் பாருங்கள். இரைச்சல் போய்விட்டால் நாளைக்கு ஒருவர் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பார். "நல்லா இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். சரி, அப்புறம்? அப்புறம் என்ன பேசுவது?

அன்றிலிருந்து ஊசியின் பாதகங்களைத் தேடித் தேடிப் படித்தார். ஊசி பிசகி வாய் கோணிக்கொண்டால்? கோணிய வாயோடு யாரிடம் போய் எதைச் சொல்வது?

"சும்மா போட்டுக்கோங்க. ஒரு நாளாவது ஃபேனை நிறுத்தலாம்" என்றாள் மனைவி.

அந்த வாக்கியம் வழக்கம்போல் இரைச்சலில் மூழ்கிப்போயிற்று.

அடுத்த முறை மனைவியையும் அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போனார். தான் ஏன் ஊசிக்குத் தகுந்த ஆள் இல்லை என்பதை, உறுமலில் ஆரம்பித்து விசில் வரை வகைவகையாய் விளக்கி முடித்து அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில், அவள் மெதுவாகக் கேட்டாள்.

"டாக்டர், இவருக்கு வேணாம்னா அந்த ஊசிய எனக்குப் போட முடியுமா?"

"உங்களுக்கு எதுக்கும்மா?"

"எனக்கும் இதே சத்தம் இருக்கு. இவருக்கு வர்றதுக்கு முன்னாடியே வந்துடுச்சு."

டாக்டர் வாய் திறக்கும் முன்பே நம்மவர் முந்திக்கொண்டார்.

"எந்தக் காதுல?"

"ரெண்டுலயும்."

இரண்டிலும்! ஒரு காதை வைத்துக்கொண்டு ஊரையே ஆண்டவருக்கு எப்படி இருந்திருக்கும்!

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"சொன்னேனே. உங்க காதுதான் சரியில்லையே."

டாக்டர் அவசரமாக மேஜையில் எதையோ தேடினார். நம்மவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"டாக்டர், மொதல்ல எனக்குப் போடுங்க. நான்தான மொதல்ல வந்தேன்!"

போட்டார்கள். அவருடைய இரைச்சல் அசைந்துகொடுக்கவில்லை என்பது அவர் வாக்குமூலம். இப்போது அவருக்கு ஊசிக்கதை வேறு சேர்ந்துவிட்டது, முடிதிருத்துபவர் கடையை இடம் மாற்ற யோசிக்கிறார். மனைவியையும் டாக்டர் பரிசோதித்து ஊசி போட்டார். அவள் வீட்டுக்கு வந்ததும் நேராகப் போய் மின்விசிறியை நிறுத்தினாள்.

"குறைஞ்சிருக்கா?" என்று கேட்டார் அவர், பயந்துகொண்டே.

"கொஞ்சம். குழாய் ஒழுகுறது இப்ப நல்லாவே கேக்குது. உங்களுக்கு?"

அவருக்கும் கேட்டது. என்ன செய்வது? ஆளைக் கூப்பிடப் போனார்.

நீங்கள் இப்போது படிப்பதை நிறுத்திவிட்டு உற்றுக் கேட்கிறீர்கள், தெரிகிறது. லேசாக 'ஙொய்' என்று ஏதோ இருக்கிறது, இல்லையா? இருக்கும். பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுச் சொல்லவேண்டும் போலவும் இருக்கும். தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் சற்றுமுன் அவர் உங்களிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாரே, அது என்ன?