தாசில்தாருக்கு அடிபட்ட விவரம்

கருவேலங்குளம், சாயல்குடி வழி
மாசி மாதம், 1961

என் மதிப்புக்குரிய மைத்துனர் கூத்தையா அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை புருஷன் வீரையா கைகூப்பி எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் தங்கள் தங்கை சோலையம்மாளும் சுகம். கடிதம் என்றால் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதால் எழுதியிருக்கிறேன். முழுக்க நம்பிவிட வேண்டாம். பரமக்குடியில் தாங்களும் அத்தாச்சியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க நம் குலசாமி துணையிருக்கட்டும். மிளகாய் இந்த வருஷம் சுமார். மழையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, பெய்யவில்லை.

நிற்க, தாசில்தாருக்கு அடிபட்ட விவரத்தைத் தங்களுக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. பதற வேண்டாம், முதுகுளத்தூர்த் தாசில்தார் நன்றாகத்தான் இருக்கிறார். நான் சொல்வது நம் வீட்டு நாய். வீடு வீடாகப் போய் வாசலில் நின்று எல்லாவற்றையும் மேற்பார்வை பார்த்துவிட்டு வருகிறது என்று எங்கள் மகள் ராக்கு அதற்கு வைத்த பேர் அது. பிள்ளை எங்களை விட்டுப் போன புரட்டாசிக்குப் பிறகு அந்தப் பேர் சொல்லி அதைக் கூப்பிட சோலையம்மாள் ஒருத்திதான் மிச்சம். அதை மட்டுமா, அவள் பேசுவதே அதனிடம் மட்டும்தான். தாங்கள் பொங்கலுக்கு வந்தபோது, "தங்கச்சி ஏன் மாப்ள இப்பிடி வாயடைச்சுப் போயிட்டா?" என்று கேட்டீர்கள். அடைத்துப் போகவில்லை மச்சான், வழி மாறிப் போயிருந்தது. நான் வயலிலிருந்து வந்தால், "தாசில்தாரு, ஒங்க அய்யாவுக்குத் தண்ணி மோந்து வச்சிருக்கேன்னு சொல்லு" என்பாள். அது வாலை ஆட்டும். நான் தண்ணீரைக் குடித்துவிட்டு, "தாசில்தாரு, நாளைக்குச் சந்தைக்குப் போகணும்னு சொல்லு" என்பேன். ஐந்து மாதமாக எங்கள் குடித்தனம் ஒரு நாயின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் நடந்துவந்தது. ஊரார் சிரித்தார்கள். சிரிக்கட்டும், எனக்கு அதுவும் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்?

போன வாரம் கூரை மேய ஓலை வெட்டினோம். பனையின் மேலே இருந்தவர் "ஒதுங்கு, ஒதுங்கு" என்று குரல் கொடுத்தார். நான் ஒதுங்கினேன். ஆடுகள் ஒதுங்கின. உத்தியோகத்தில் இருப்பவர் மட்டும் யாருக்காகவும் ஒதுங்குவதில்லை என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். கருக்கு மட்டை காற்றில் திரும்பி வந்து விலாவில் விழுந்து அடிவயிறு வரை ரம்பம்போல அறுத்துவிட்டது. அது கத்தக்கூட இல்லை. அடுப்படியிலிருந்து ஓடிவந்த சோலையம்மாள் தன் முந்தானையைக் கிழித்து வயிற்றைச் சுற்றிக் கட்டினாள். நான் மாட்டு வைத்தியர் இருளாண்டியைக் கூட்டிவந்தேன். அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாடுன்னா சூடு போட்டுருவேன் வீரையா. இதுல சூடு போட எங்கன எடமிருக்கு?" என்று கையை விரித்துவிட்டார். அப்போது அவள் நாயின் காதருகே குனிந்து, "பயப்படாத. ஒங்க அய்யா ஒன்னய ஆசுபத்திரிக்குக் கொண்டு போவாரு" என்றாள். மச்சான், எனக்கு வந்த உத்தரவு அது. வண்டியைப் பூட்டிவிட்டேன்.

சாயல்குடியில் டாக்டர் வாசலிலேயே நிறுத்திவிட்டார். "இது மனுசங்க ஆசுபத்திரிய்யா, மாட்டாசுபத்திரி ராமநாதபுரத்துல இருக்கு" என்றார். அங்கே இருந்த கம்பவுண்டர் நல்லவர். பின்பக்கமாக வந்து டிஞ்சர் ஊற்றிப் புதுத்துணியால் கட்டிவிட்டார். என் மாடுகளோ ராமநாதபுரம் வரை இழுக்கிற ஜாதியில்லை. டீக்கடை முன்னால் பஸ் நின்றது. நான் இருந்த பதற்றத்தில், "தாசில்தாருக்கு வயிறு கிழிஞ்சு போச்சுங்க, ராமநாதபுரம் கொண்டு போகணும், எடம் குடுங்க!" என்று கத்திவிட்டேன். கடையில் இருந்தவர்கள் கிளாசை வைத்துவிட்டு எழுந்தார்கள். கண்டக்டர் முன் சீட்டில் இருந்த நாலு பேரை இறக்கி, துண்டால் சீட்டைத் தட்டி, "ஐயாவைப் பைய தூக்கியாங்க" என்றார். சோலையம்மாள் நாயைத் தூக்கிக்கொண்டு வந்ததும் அவர் முகம் போன போக்கைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். இறங்கிய நாலு பேரும் ஏறிக்கொண்டார்கள், பஸ் போய்விட்டது. இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அப்போது ரோட்டில் உட்கார்ந்து அழுதேன்.

அந்த வழியாக உப்பு லாரி ஒன்று வந்தது. ஓட்டியவர் மீரா சாகிபு என்று ஒருவர், ஏர்வாடிக்காரர். நான் கேட்குமுன்னே இறங்கி வந்து பார்த்தார். "தெரியும் பாய், நாய்னா உங்களுக்கு ஆகாது" என்று நானே இழுத்தேன். "கையக் கழுவிக்கிட்டாப் போச்சு. உசுரு போனாக் கழுவ முடியுமா? ஏத்துங்க" என்றார். முன்னால் இடமில்லை, உப்பு மூட்டைகளின் மேல் ஏறிக்கொண்டோம். ஏர்வாடிக்கு ரோடு பிரியும் விலக்கில் நிறுத்தி ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிவந்து கொடுத்தார். தர்கா இருந்த திசையைப் பார்த்து ஒரு நிமிஷம் கையேந்தி நின்றுவிட்டு, "இதுக்கும் சேத்துத்தான் துவா கேட்டேன்" என்று சொல்லி வண்டியை எடுத்தார்.

கடல்காற்று முகத்தில் அடித்தது. நான் பின்னால் போகிற ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் சோலையம்மாள் மடியில் நாயை வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். "அன்னைக்கு ராக்குவுக்கும் இப்பிடித்தேன் ஒடம்பெல்லாம் நடுங்குச்சு. அய்யா எங்கேம்மான்னு கேட்டா. டாக்டரக் கூட்டியார வண்டி கட்டிப் போயிருக்காரு தாயின்னேன். எப்ப வருவாருன்னு கேட்டா. இந்தா, மாட்டுச் சலங்கை கேக்குது பாருன்னு பொய் சொன்னேன். ஆமாம்மா கேக்குது, அய்யா வந்துட்டாருன்னு சொன்னா. சிரிச்சா. அப்பிடியே தூங்கிட்டா. அவளப் பொறுத்தவரைக்கும் அய்யா வந்து சேந்துட்டாரு." மச்சான், பிள்ளையின் கடைசி நேரம் எப்படிப் போனது என்று எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. நான் திரும்பவில்லை. நாய்க்குச் சொல்வதைத் திருட்டுத்தனமாகக் கேட்டுவிட்டோமே என்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு இருந்தேன்.

ராமநாதபுரத்தில் மாட்டு டாக்டர் மாடுகளுக்கு வெக்கை நோய் ஊசி போட ஒரு கிராமத்துக்குப் போயிருந்தார். வேப்பமரத்தடியில் ஒரு சினை எருமைக்குப் பக்கத்தில் காத்திருந்தோம். பொழுது சாயும்போது சைக்கிளில் வந்தவர், முகம்கூடக் கழுவாமல் தையல் போட உட்கார்ந்துவிட்டார். வயிற்றைத் தைத்துக்கொண்டே, "என்ன வயசும்மா?" என்று கேட்டார். "பத்து" என்றாள் சோலையம்மாள். "பத்தா? பல்லைப் பாத்தா மூணு நாலுதான் மதிக்கலாம்" என்றார் அவர். ராக்கு இருந்திருந்தால் இந்தத் தை மாதத்தோடு பத்து வயது முடிந்திருக்கும். நான், "பத்துதாங்க" என்றேன். டாக்டர் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, அடுத்த தையலுக்கு நூலைக் கோத்தார்.

வீட்டுக்கு வந்தபிறகு இரண்டு நாள் கஞ்சித்தண்ணீர் குடித்தது. மூன்றாம் நாள் எழுந்து வாசல்வரை போய்த் தெருவை ஒரு பார்வை பார்த்தது. நான் பிழைத்துவிட்டது என்று நினைத்து, கம்பவுண்டருக்கு ஒரு கூடை மிளகாய்கூட எடுத்துவைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் அவள் காலடியில் படுத்திருந்தபடியே போய்விட்டது. கொல்லையில் குழி தோண்டினேன். தரை கல்லாக இருந்தது; கடப்பாரை பிடித்த கை இன்னும் காந்துகிறது, எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான்.

இப்போது வீட்டில் சத்தமே இல்லை மச்சான். யாரிடம் சொல்லி எனக்குத் தண்ணீர் வைப்பாள், யாரிடம் சொல்லி நான் சந்தைக்குப் போவேன்? அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். நான் அவளுக்கு உதவாதவன். அதனால் யோசித்து எழுதுகிறேன்: தாங்கள் உடனே வந்து தங்கச்சியைப் பரமக்குடிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். அங்கே அத்தாச்சி இருக்கிறார், பிள்ளைகள் இருக்கிறார்கள், யாரிடமாவது வாய் திறப்பாள். என்னைப் பற்றிக் கவலை வேண்டாம், எனக்குச் சோறு பொங்கத் தெரியும், குழைந்துதான் போகும்.

அத்தாச்சிக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி. இருட்டில் பூச்சிபொட்டு கிடக்கும், ராத்திரியில் வெளியே ஓடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
வீரையா

பின்குறிப்பு: மச்சான், வண்டி கட்டிவிடாதீர்கள். மேலே எழுதியதைக் கிழித்துப் போடத்தான் எடுத்தேன், காகிதம் இது ஒன்றுதான் இருந்தது. ஒட்டப் போகும்போது சோலையம்மாள் வந்து என் எதிரே உட்கார்ந்தாள். "அண்ணனுக்கு என்ன எழுதுனீக? படிங்க" என்றாள். என்னிடம்தான் கேட்டாள், அங்கே வேறு யாரும் இல்லை. தலைப்பிலிருந்து கையெழுத்து வரை படித்தேன். பஸ் கதைக்குக் கொஞ்சம் சிரித்தாள். கூட்டிக்கொண்டு போகச் சொன்ன இடத்தில் என் கையிலிருந்து கடிதத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

"ஏங்க, அன்னைக்கு லாரியில நான் நாய்கிட்டயா பேசுனேன்?"