இரண்டு முறை விடுவித்த நினைவகம்

நான் இதுவரை எழுதிய நிரல் வரிகளில் ஒன்றே ஒன்றைத்தான், எழுதி முடித்ததும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து ரசித்திருக்கிறேன். அந்த ஒரு வரிதான் எங்கள் கம்பெனியின் கருவியை, அதைப் பார்க்க வந்த டாக்டர்கள் முன்னிலையில் சாகடித்தது. ரசிக்கப்படாத மற்ற வரிகளெல்லாம் இன்றும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கின்றன.

அப்போது பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில், ஆஸ்பத்திரிக் கருவிகள் செய்யும் ஒரு சிறிய கம்பெனியில் இருந்தேன். ஆம்புலன்ஸில் நோயாளியின் இதயத் துடிப்பைத் திரையில் காட்டும் பெட்டி எங்களுடையது. அந்தப் பெட்டியை இயக்கும் மென்பொருளின் அடித்தளத்துக்குக் கெர்னல் என்று பெயர். அதில் சென்சாரோடு பேசும் பகுதி, டிரைவர் என்பார்கள், என் பொறுப்பு. கெர்னலில் வேலை செய்கிறவன் என்ற கர்வம் எனக்கு உச்சந்தலை வரை இருந்தது. (அடுகோடியில் ஆபீஸ் பஸ் ஏறும்போதே முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்வேன். சும்மா சிரிக்கிறவன் கெர்னல் எழுதுவானா?)

கெர்னலில் ஒரு விதி உண்டு. கேட்டு வாங்கிய நினைவகத்தை, அதாவது மெமரியை, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் தீர்ந்துபோய்க் கருவி திணறும். எனக்கு முன் இந்தப் பகுதியை எழுதியவர் வேலையை விட்டுப் போயிருந்தார். அவர் எழுதியதைப் படித்துக்கொண்டே வந்தேன். சென்சார் சரியாகப் பொருந்தாமல் போனால் வேலையைப் பாதியில் கைவிட்டுத் திரும்பும் இடம் ஒன்று வந்தது. அங்கே, வாங்கிய நினைவகத்தை மனிதர் திருப்பிக் கொடுக்கவே இல்லை. அடுத்தவர் தவறைக் கண்டுபிடிக்கும் ஆனந்தம் இருக்கிறதே, அது தனி. உடனே நினைவகத்தை விடுவிக்கும் வரி ஒன்றைச் சேர்த்தேன். 'முன்பு எழுதியவர் மறந்துவிட்டதைச் சரிசெய்திருக்கிறேன்' என்று குறிப்பும் எழுதினேன். (போனவர் திரும்பி வந்து பதில் சொல்லப் போவதில்லை என்ற தைரியம்தான்.)

எங்கள் கருவிகளைச் சோதித்துப் பார்ப்பது அமுதாவின் வேலை. என் வயதுதான். ஆஸ்டின் டவுனில் வீடு, எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ, கையில் எப்போதும் ஒரு நீல நோட்டு. பெட்டியை வாங்கலாமா என்று பார்க்க டாக்டர்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்பு என் மேஜைக்கு வந்தாள்.

"கருணா, சென்சாரை அரைகுறையா சொருகி எடுத்துட்டு மறுபடி சொருகினா, கொஞ்ச நேரத்துல பாக்ஸ் அப்படியே நின்னுடுது. உங்க புது வெர்ஷன்லதான். ஸ்வல்ப பாருங்க."

"கேபிள் லூஸா இருக்கும்."

"கேபிளை மாத்திட்டேன்."

"அப்போ மாத்தின கேபிளும் லூஸா இருக்கும்."

அவள் நான் சொன்னதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு போனாள். சாட்சியம் பதிவாகிறது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

டாக்டர்கள் வந்தார்கள். எங்கள் மேனேஜர் மஞ்சுநாத், கன்னடக்காரர், உற்சாகி. நோயாளியாக நடிக்கத் தன் கையையே நீட்டி, சென்சாரை மாட்டிக்கொண்டார். திரையில் அவர் இதயம் பச்சைக் கோடாக அழகாகத் துள்ளியது. வந்தவர்களில் மூத்த பெண் டாக்டர் சற்று நேரம் பார்த்துவிட்டு, "ஆம்புலன்ஸ்ல யாரும் இவ்ளோ பதவிசா மாட்ட மாட்டாங்க" என்று தமிழிலேயே சொன்னார். சொன்னவர் சென்சாரின் முனையைப் பிடுங்கி, அவசரமாகப் பாதி செருகி, மறுபடி பிடுங்கி, முழுவதும் செருகினார்.

பச்சைக் கோடு மூன்று துள்ளு துள்ளிவிட்டு நின்றுபோனது. மஞ்சுநாத் திரையைப் பார்த்தார். பிறகு, தன்னையறியாமல், நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டார்.

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இல்லை. எழுந்து நின்று, கேபிள்களின் இயல்பு, அவற்றின் பலவீனம், பெங்களூரின் ஈரப்பதம் என்று பத்து நிமிடம் பேசினேன். முத்தாய்ப்பாக, "எங்க டெஸ்டிங்ல கேபிளை இன்னும் கவனமா வெச்சுக்கணும்" என்றேன். பின்வரிசையில் அமுதா நின்றிருந்தாள். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் நோட்டைத் திறந்து அங்கேயே என் மானத்தை வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. "டாக்டர், நீங்க லஞ்ச் முடிச்சிட்டு வாங்க. அதுக்குள்ள என்னன்னு பார்த்துச் சொல்லிடறோம்" என்றாள். 'சொல்லிடறோம்.' அந்தப் பன்மையில் என்னையும் சேர்த்திருந்தாள். இன்று நினைத்தாலும் கூசுகிறது.

அவள் மேஜையில் இரண்டு பெட்டிகள் தயாராக இருந்தன. ஒன்றில் பழைய வெர்ஷன், இன்னொன்றில் என்னுடையது. ஒரே கேபிளை எடுத்துப் பழையதில் அரைகுறையாகச் செருகி எடுத்தாள். இருபது முறை செய்தும் அது ஓடியது. அதே கேபிள் என் பெட்டிக்கு வந்தது. மூன்றாம் முறையே நின்றது.

"ரெண்டு வெர்ஷனுக்கும் எத்தனை வரி வித்தியாசம்?" என்று கேட்டாள்.

"ஒண்ணு. மெமரியை விடுவிக்கிற வரி."

"அந்த வரி விடுவிக்கிற மெமரியைக் கேட்டு வாங்கினது யாரு?"

"நம்ம டிரைவர்தான்."

"யார் பேர்ல?"

நிரலில் சில வரிகள் மேலே போய்ப் பார்த்தேன். முன்பு எழுதியவர் நினைவகத்தைச் சென்சாரின் பேரில் கேட்டிருந்தார். அப்படிக் கேட்டால், சென்சார் பொருந்தாமல் போகும்போது கெர்னலே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். நாம் கை வைக்கக் கூடாது. அவர் மறக்கவில்லை, தெரிந்துதான் விட்டிருக்கிறார். நான் ஒருமுறை விடுவிக்க, கெர்னல் தன் முறைக்கு இன்னொரு தடவை விடுவித்திருக்கிறது. வாடகை வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்தாகிவிட்டது, புதுக் குடித்தனமும் வந்துவிட்டது, அதன் பிறகு ஒருவர் போய் மறுபடி வீட்டைக் காலி செய்தால் என்ன ஆகும்? அவர்கள் பாத்திரம் பண்டமெல்லாம் தெருவுக்கு வரும். அதுதான் ஆகியிருந்தது.

அமுதாவுக்குக் கெர்னல் எழுதத் தெரியாது. ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. எனக்கு எழுதத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

வரியை நீக்கினேன். டாக்டர்கள் திரும்பி வரும்வரை அவள் செருகி எடுத்துக்கொண்டே இருந்தாள், பெட்டி நிற்கவில்லை.

மறுபடி கூடினோம். மஞ்சுநாத் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நன்ன கை பேடா ரீ, என் கை வேணாம். கருணாகரனுக்கே மாட்டுங்க."

ஆக, என் இதயம் பெரிய திரையில் எல்லோருக்கும் தெரிய, நான் பேச வேண்டியதாயிற்று. "தப்பு கேபிள்ல இல்ல" என்று ஆரம்பித்தேன். திரையில் துடிப்பு தொண்ணூறு. "நான் எழுதின ஒரு வரியில இருந்தது." நூற்றுப் பத்து. "அமுதா ரெண்டு நாள் முன்னாடியே சொன்னாங்க. நான்தான் கேட்கல." நூற்று முப்பது. அறையில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, எல்லோர் பார்வையும் திரையில். பெண் டாக்டர் தலையசைத்து, "டிவைஸ் கரெக்டாதான் காமிக்குது" என்றார். அதன் பிறகு எல்லாக் கேள்விகளையும் அமுதாவிடமே கேட்டார். அவள் இன்னும் ஒரு மாதம் சோதித்து, சரி என்று கையெழுத்துப் போட்டால் பெட்டியை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவள் போட்டாள், அவர்களும் எடுத்துக்கொண்டார்கள்.

அன்று மாலையே புதுக் குறிப்பு எழுதினேன். முன்பு எழுதியவர் செய்ததுதான் சரி, கண்டுபிடித்தவர் அமுதா. வேலை கிடைத்த நாளில்கூட நான் அவ்வளவு நிம்மதியாகப் பஸ் ஏறியதில்லை.

அமுதா இன்று எங்கள் குடும்ப சிநேகிதி. என் மனைவி கவிதா இந்தக் கதையை வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வாள். வருடா வருடம் அது வளர்ந்து, போன தீபாவளிக்குப் பெட்டியிலிருந்து புகை வரும் அளவுக்கு வந்துவிட்டது. பக்கத்தில் முறுக்கு தின்றுகொண்டிருந்த அமுதா அதை மட்டும் திருத்தினாள்:

"புகையெல்லாம் வரல கவிதா. ஸ்க்ரீன் நின்னுச்சு. இவரு வாய்தான் நிக்கல."

அதிலிருந்து, தாமதமாக வீட்டுக்கு வந்து டிராஃபிக், மழை, சிக்னல் என்று நான் காரணங்களை அடுக்கத் தொடங்கினால், ஏழு வயது மகள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. உள்ளே பார்த்துக் குரல் மட்டும் கொடுக்கிறாள்.

"அம்மா, ஸ்க்ரீன் நின்னுடுச்சு."