டெல்வினுக்காகச் சாப்பிட்டவர்கள்

தியாகத்தின் வரலாற்றை யாராவது எழுதினால், முதல் அத்தியாயத்தை எங்கள் வளைந்த ஓடை மாவட்டத்தின் 'மலையேறுவோர் முகாம் ஆதரவுக் குழு'வுக்கு ஒதுக்க வேண்டும். மற்ற ஊர்களில் தியாகம் செய்கிறவர்கள் இளைத்துப்போவார்கள். நாங்கள் செய்த தியாகத்தில் குழுவில் பாதிப் பேருக்கு இடுப்புப் பட்டை போதாமல் போயிற்று.

அமெரிக்கப் பழங்குடிகளில் லகோட்டாக்களான எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தரிசனம் வேண்டி மலையேறுகிறவர் உணவும் தண்ணீரும் இல்லாமல் அங்கே தனியாக இருந்து அழுது வேண்டுவார். அடிவாரத்தில் முகாம் போட்டிருக்கும் சொந்தக்காரர்கள் அவருக்காகச் சாப்பிடுவார்கள், அவருக்காகத் தண்ணீர் குடிப்பார்கள். அந்தத் தெம்பு அவருக்குப் போய்ச் சேரும். இந்த வழக்கத்தின் இரண்டாம் பாதியை எங்கள் குழு எவ்வளவு ஆழமாகப் புரிந்துகொண்டது என்பதைப் பதிவு செய்யவே இதை எழுதுகிறேன். குழுவின் உணவுத் துணைத்தலைவர் என்ற முறையில் எனக்கு அந்தத் தகுதி உண்டு.

இந்தக் கோடையில் மலையேற வேண்டியவன் என் மனைவி டொரீனின் அண்ணன் டெல்வின் ஓடும்பருந்து. குளிர்காலத்தில் அவன் மகள் ஷைலா ரேபிட் சிட்டி ஆஸ்பத்திரியில் மூச்சுத் திணறிக் கிடந்தபோது, "இவ பிழைச்சா வர்ற கோடையில மலையேறுறேன்" என்று வாக்குக் கொடுத்தான். பிழைத்தாள். இப்போது கூடைப்பந்து மைதானத்தில் பெரிய பெண்களை இடித்துத் தள்ளுகிறாள். அவள் லேசாக இருமினாலும் டெல்வினுக்கு முகம் வெளுத்துவிடும். கொடுத்த வாக்கு அப்படியே நிற்கிறதே என்ற பயம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்களில் மச்சானை மச்சான் கிண்டல் செய்வது கடமை. மரியாதையாகப் பேசினால் உறவில் ஏதோ கெட்டுவிட்டது என்று பொருள். டெல்வின் இந்தக் கடமையில் ஒருநாளும் தவறியதில்லை.

சமுதாயக் கூடத்தில் கூட்டம் கூடியது. ஊர் முகாம் என்பதால் டெல்வினோடு இன்னும் சிலர் மலையேறப் பெயர் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து, பெயரை 'ஆதரவு'ப் பக்கத்துக்கு மாற்றச் சொன்னார்கள்.

"எனக்கு ஏறணும்னு உயிர் துடிக்குது," என்றார் பள்ளிப் பேருந்து ஓட்டும் க்ளிஃபர்ட். "ஆனா எல்லாரும் மேல போயிட்டா கீழ யாரு கஷ்டப்படுறது?"

அவையோர் கண்கலங்கினர்.

"சரி, விறகு யாரு வெட்டுறது?" என்றான் டெல்வின்.

மலையேறுமுன், உடலும் மனமும் சுத்தமாக, ஆவி நிறைந்த வியர்வைக் குடிலுக்குள் உட்கார வேண்டும். ஆவி எழுப்பக் கல் தீயில் பழுக்க வேண்டும். கல் பழுக்க வண்டி வண்டியாய் விறகு வேண்டும்.

"அது கடைசியா வரும், தம்பி," என்றார் தலைவி மேவிஸ். "முதல்ல சூப்பு மாட்டுக்கறியா, காட்டெருமைக் கறியா? அதைத் தீர்ப்போம்."

டெல்வின் என் பக்கம் திரும்பினான். "மச்சான், உன் வயித்துக்குக் கீழயே ஒரு குடும்பம் தங்கலாம். தனியாக் கூடாரம் வேற எதுக்கு?"

"உனக்காகத்தான் மச்சான் வளர்க்குறேன்," என்றேன், கடமை தவறாமல்.

காட்டெருமை வென்றது. பொரித்த ரொட்டிக்கு ஒரு துணைக்குழு, காபிக்கு ஒரு துணைக்குழு, 'டெல்வினுடன் நாங்கள்' என்ற பனியனுக்கு ஒரு துணைக்குழு அமைந்தன. பனியனில் சின்ன அளவு அச்சடிப்பதில்லை என்று முடிவாயிற்று. டெல்வின் ஒருவனைத் தவிர யாருக்கும் அது தேவைப்படவில்லை. பேச்சு விறகுக்கு வந்தபோது பெர்ரிப் பழப் பலகாரம் வந்துவிட்டது. கூட்டம் இனிதே முடிந்தது.

டெல்வினே வெட்டினான். வேலை முடிந்து வந்து, வெயிலில், ஓடைக்கரையில் விழுந்து கிடந்த காட்டன்வுட் மரங்களை அறுத்தான். டொரீன் அடுக்கினாள். ஆள் உயரத்துக்குக் குவியல் எழுந்தது. குழு அவ்வப்போது பிக்கப் வண்டியில் போய் அதைப் பார்வையிட்டுத் திருப்தி தெரிவித்தது.

பொறுப்புள்ள குழு எதையும் ஒத்திகை பார்க்காமல் செய்யாது. ஆகவே முந்தின நாளே முகாம் போட்டோம். ஜெனரேட்டர், காற்றடைத்த மெத்தைகள், சாய்வு நாற்காலிகள் எல்லாம் வந்தன. 'அவனுக்காகச் சாப்பிடும்' பயிற்சி தொடங்கியது. மேவிஸ் பெரிய அண்டாவைத் தீயில் ஏற்றினார். காட்டெருமைக் கறி லேசில் வேகாது. நல்லவேளையாக, பக்கத்திலேயே விறகு இருந்தது.

மறுநாள் காலை ஹோபர்ட் வந்தார். சடங்கு நடத்தி மலைக்குக் கூட்டிப்போய் விடுகிற பெரியவர் அவர்தான். சாம்பலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"விறகு எங்க?"

"சூப்பாயிடுச்சு," என்றார் மேவிஸ்.

"இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள கல்லு பழுக்கணும். இல்லேன்னா அடுத்த கோடைதான். எனக்கு வேற ஊரு, வேற ஆளுங்க காத்திருக்காங்க."

டெல்வின் கோடாலியை எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கினான்.

டொரீன் கத்தினாள். "யாராவது எந்திரிச்சுப் போங்களேன்! ஒரு பிள்ளை உயிருக்காகக் கொடுத்த வாக்கு அது!"

"அவனோட வேண்டுதல்ல நாம கை வைக்கக் கூடாதும்மா," என்று மேவிஸ் மென்மையாக விளக்கினார். "நம்ம வேலை ஆதரவு."

ஆதரித்தோம். அவன் வெட்டிய ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு ரொட்டி சாப்பிட்டோம். அவனுக்கு வியர்த்தபோதெல்லாம் எலுமிச்சை ஜூஸ் குடித்தோம். டொரீன் முறைகளை மீறி, இன்னொரு கோடாலியோடு அவன் பின்னால் போனாள்.

சாயங்காலம் கல் பழுத்தது. டெல்வின் குடிலிலிருந்து வெளியே வந்து, போர்வையைப் போர்த்திக்கொண்டு, சடங்குக்குரிய புனிதப் புகைக்குழாயை நெஞ்சோடு அணைத்தபடி ஹோபர்ட்டின் பின்னால் மலையேறினான். நாங்கள் வாய் நிறைய வாழ்த்தினோம். வாயில் ரொட்டியும் இருந்தது.

எங்கள் ஆதரவின் வேகம் அப்படி. மறுநாள் மதியத்துக்குள் சூப்பு, ரொட்டி, காபி எல்லாம் தீர்ந்தன. ஆதரிக்க எதுவும் மிச்சமில்லாத இடத்தில் ஆதரவாளர்கள் உட்கார்ந்திருப்பது டெல்வினின் தனிமைக்கு இடைஞ்சல் என்று மேவிஸ் கருதினார். கலைந்தோம். டொரீன் மட்டும் தீயைக் காத்துக்கொண்டு அங்கேயே இருந்தாள். அவளுக்குக் கூட்டு முயற்சியில் அவ்வளவாக நாட்டமில்லை.

அவன் இறங்கும் நாளில் விருந்து உண்டு என்பதால் ஒருவர் விடாமல் திரும்பி வந்தோம். உதடு வெடித்து, கன்னம் ஒட்டி, ஆனால் தெளிந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தான். ஷைலா அவன் தோளில் சாய்ந்திருந்தாள்.

"மச்சான்! நான் சாப்பிட்டதெல்லாம் வந்து சேர்ந்துச்சா?" என்றேன்.

டெல்வின் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"வாங்க. உட்காருங்க. உங்களுக்கு ரொம்ப சிரமம் கொடுத்துட்டேன்."

இந்த மரியாதை யாருக்கு என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். எனக்குத்தான்.

மேவிஸ் முன்னால் நகர்ந்தார். "மேல என்ன பார்த்தே, தம்பி?"

"கிடைச்ச தரிசனத்தை ஊர்ல சொல்லக் கூடாதுங்க. அதை ஹோபர்ட்கிட்ட சொல்லிட்டேன். வெறுங்கண்ணால பார்த்ததைச் சொல்லலாம். மேலேர்ந்து முகாம் நல்லாத் தெரியுதுங்க. ஏறினப்போ புல்லு தெரியாத அளவுக்கு வண்டி நின்னுச்சு. மறுநாள் மத்தியானம் பார்த்தா ஒண்ணு பின்னாடி ஒண்ணா கிளம்புது. அப்புறம் தங்கச்சி ஒருத்திதான் தீகிட்ட. முதல்ல போனது ஒரு நீலப் பிக்கப்."

நீலப் பிக்கப் என்னுடையது.

இந்தக் கடுமையான குறைபாட்டைக் குழு அலட்சியம் செய்யவில்லை. மறுவாரமே அவசரக் கூட்டம் கூடியது. அடுத்த கோடையில் முகாமை, மலையிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்துக்கு மாற்றுவது என்று நான் முன்மொழிந்தேன். டொரீன் அந்தக் கோடைக்காக இப்போதே ஓடைக்கரையில் விறகு வெட்டிக்கொண்டிருந்ததால், தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.